வரைபடக் கட்டம் பிடிக்கும் சைக்கிள் ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால், முதலில் சிரிப்பார்கள். அடுத்த வாரம் வந்து சந்தேகம் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஓட்டுவது பெரும்பாலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம். எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்துதான் அதிகம் வரும்.

இது என்ன ஆட்டம்?

உலக வரைபடம் முழுக்கக் கட்டம் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸில் பதிந்த உங்கள் ஓட்டத்தை இதற்கான இணையதளத்தில் சேர்த்தால், நீங்கள் சைக்கிளில் நுழைந்து வெளியே வந்த கட்டத்துக்கு நிறம் ஏறும். ஒரு தடவை போனால் போதும், ஆயுசுக்கும் அது உங்கள் கணக்கில் இருக்கும். எவ்வளவு வேகமாகப் போனீர்கள், எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. தினமும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு முதல் நாளோடு வரவு நின்றுவிடும். பக்கத்து ஊர்ச் சந்து ஒவ்வொன்றாக நுழைகிறவர் பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டே இருப்பார்.

கட்டங்களைப் போட்டது யார்?

யாரும் இந்த ஆட்டத்துக்காகப் போடவில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப், கூகுள் மேப்ஸ் போன்ற இணைய வரைபடங்கள் முழு உலகத்தையும் ஒரே படமாக அனுப்ப முடியாது என்பதால், சின்னச் சின்னச் சதுரப் படங்களாக வெட்டி வைத்திருக்கின்றன. திரையில் வரைபடத்தை இழுக்கும்போது சதுரம் சதுரமாகத் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தச் சதுரம்தான் இது. பூஜ்யம் என்ற நிலையில் உலகம் முழுவதும் ஒரே சதுரம். ஒரு படி பெரிதாக்கினால் ஒவ்வொரு சதுரமும் நான்காகும். இந்த ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்வது 14ஆம் படி. அதில் குறுக்கே 16,384, நெடுக்கே 16,384. பெருக்கினால் 26 கோடியே 84 லட்சத்துச் சொச்சம்.

ஒவ்வொன்றுக்கும் முகவரி உண்டு. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் இருக்கும் கட்டத்தின் முகவரி 14/11845/7591. முதல் எண் படி, இரண்டாவது மேற்கிலிருந்து எத்தனையாவது, மூன்றாவது வடக்கிலிருந்து எத்தனையாவது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்.

கணினியின் வசதிக்காக வெட்டிய கோடு ஊரையோ ஆற்றையோ தாலுகா எல்லையையோ மதிப்பதில்லை. ஒரு கோயில் குளத்தின் கிழக்குப் படித்துறை ஒரு கட்டத்திலும் மேற்குப் படித்துறை இன்னொன்றிலும் இருக்கலாம். எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததே இதனால்தான். பார்க்க வேண்டிய இடம் என்று யாரும் பட்டியல் போடாத ஊருக்குள் உங்களைக் கொண்டுபோய் விடும்.

ஒரு கட்டம் எவ்வளவு பெரியது?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த வரைபடங்கள் மெர்கேட்டர் முறையில் வரைந்தவை. அதில் துருவத்தை நோக்கிப் போகப் போக நிலம் உப்பிப் பெரிதாகத் தெரியும். கட்டத்தின் அளவோ திரையில் மாறுவதில்லை. ஆகவே வடக்கே போகப் போக ஒரு கட்டத்துக்குள் அடங்கும் நிலம் சுருங்குகிறது. 14ஆம் படியில் நிலநடுக்கோட்டில் ஒரு பக்கம் 2.45 கி.மீ. கன்னியாகுமரியில் 2.42, சென்னையில் 2.38, டெல்லியில் 2.15, லண்டனில் 1.52, ஹெல்சிங்கியில் 1.22.

பரப்பாகப் பார்த்தால் சென்னையின் ஒரு கட்டம் ஏறத்தாழ 5.7 சதுர கி.மீ. வண்டலூர் உயிரியல் பூங்காவின் 602 ஹெக்டேரைவிடக் கொஞ்சம் சிறியது. லண்டன்காரருக்கு அதே பரப்பில் இரண்டரைக் கட்டம் கிடைத்துவிடும். ஐரோப்பியர்கள் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவர்களுடைய கட்டம் சின்னது, அதற்குள் போகும் பாதைகளும் அதிகம்.

சென்னை மாநகராட்சியின் 426 சதுர கி.மீ. பரப்பு சுமார் 75 கட்டம்தான். ஓர் ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைகளில் தாராளமாக முடித்துவிடலாம். தமிழ்நாடு முழுவதும் என்றால் 22,500ஐ ஒட்டி வரும். அதை யாரும் முடிக்கப் போவதில்லை, முடிக்கவும் கூடாது. காரணம் காடு பற்றிய கேள்வியில் வருகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

கட்டம் சேர்க்கும் ஆசை இணையத்துக்கு முந்தியது. பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களில் நாடு முழுக்க ஒரு கிலோமீட்டர் கட்டம் அச்சிட்டே வரும். வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரியும் ஊரில், 'இந்தக் கட்டத்துக்குள் நான் போனதே இல்லையே' என்ற எண்ணம் வராமல் இருக்குமா? 2005இல் அங்கே ஜியோகிராஃப் என்ற திட்டம் தொடங்கியது. பிரிட்டன், அயர்லாந்தின் ஒவ்வொரு கிலோமீட்டர் கட்டத்துக்கும் ஒரு நிழற்படமாவது சேர்ப்பது அதன் நோக்கம். முதலில் படம் எடுத்தவருக்குப் புள்ளி உண்டு. அதற்கும் முன்னால், 1996இல், அட்சரேகையும் தீர்க்கரேகையும் முழு எண்ணில் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளுக்கெல்லாம் போய்ப் படம் எடுக்கும் திட்டம் ஒன்று அமெரிக்காவில் தொடங்கியிருந்தது.

சைக்கிள்காரர்களுக்கு எண்ணிக்கைப் பித்து அதைவிடவும் பழையது. வானியலாளர் ஆர்தர் எடிங்டன் தனக்கென ஓர் எண் வைத்திருந்தார். 'ந' மைல் அல்லது அதற்கு மேல் ஓட்டிய நாள்கள் 'ந' எண்ணிக்கை இருந்தால், அந்த 'ந'தான் உங்கள் எண். ஐம்பது மைலுக்குக் குறையாமல் ஐம்பது நாள் ஓட்டியிருந்தால் உங்கள் எண் 50. வெண்குறு விண்மீன்கள் விஷயத்தில் 1935இல் சுப்ரமணியன் சந்திரசேகரைப் பொது மேடையில் மறுத்துப் பேசிய அதே எடிங்டன்தான், பிறகு அதே சந்திரசேகருக்கு எழுதிய கடிதங்களில் தன் சைக்கிள் எண் இப்போது எவ்வளவு என்று தெரிவித்துக்கொண்டிருந்தார். அறிவியல் சண்டை ஒரு பக்கம், சைக்கிள் கணக்கு ஒரு பக்கம்.

மொத்த எண்ணிக்கை மட்டும்தானா, வேறு கணக்கும் உண்டா?

மூன்று கணக்கு உண்டு. மொத்தம் என்பது எல்லாருக்கும் புரியும். ஊருக்கு ரயிலில் சைக்கிளை ஏற்றிப்போய் அங்கே ஓட்டினாலும் கூடும்.

இரண்டாவது, பெரிய சதுரம். ஒரு கட்டம்கூட விடுபடாமல் நீங்கள் நிரப்பியிருக்கும் சதுரத்தில் எது பெரியதோ அதன் பக்க அளவு. 10க்கு 10 என்றால் நூறு கட்டம், சென்னையில் ஏறத்தாழ 24 கி.மீ. பக்கம். இதில் நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டுப்போனால் உங்கள் கணக்கு 9க்கு 9 ஆகாது, 5க்கு 5 ஆகிவிடும். தொண்ணூற்றொன்பது கட்டம் போய் வந்தவரை ஒரு கட்டம் தூங்கவிடாது.

மூன்றாவது, கொத்து. ஒரு கட்டத்துக்கும் அதன் நான்கு பக்கத்துக் கட்டங்களுக்கும் நீங்கள் போயிருந்தால் அது கொத்துக்குத் தகுதி பெறும். அப்படிப்பட்டவை ஒன்றையொன்று ஒட்டி எவ்வளவு தூரம் படர்கின்றன என்பது கணக்கு. இங்கே ஓர் ஓட்டை விழுந்தால், அதுவும் அதைச் சுற்றிய நான்கும் சேர்ந்து ஐந்து போகும். சதுரத்தைப் போல முழு அழகு கேட்காது, கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் நியாயமான ஆட்டம்.

என்னைக் கேட்டால், மொத்த எண்ணிக்கையை மறந்துவிடுங்கள் என்பேன். அது காசு இருப்பவர் கணக்கு. கொத்து மட்டும்தான் வீட்டைச் சுற்றிய நிலத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்தும்.

எந்தத் தளத்தில் கணக்கு வைப்பது?

வெலோவியூவர், ஸ்டாட்ஸ்ஹன்டர்ஸ், ஸ்குவாட்ராட்ஸ் ஆகிய மூன்றும் அதிகம் புழக்கத்தில் உள்ளவை. மூன்றும் 14ஆம் படிக் கட்டத்தைத்தான் எண்ணுகின்றன, ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் உழைப்பு வீணாகாது. ஓட்டங்களைப் பதிந்து வைக்கும் ஸ்ட்ராவா செயலியில் ஏற்கெனவே பதிவுகள் இருந்தால் இணைத்தவுடன் பழைய ஓட்டங்கள் எல்லாம் சேர்ந்துவிடும். பல வருடம் ஓட்டியவர்களுக்கு அந்த முதல் படம் ஒரு பாடம்: நெடுஞ்சாலை ஓரமாக நாலைந்து நீண்ட கோடு, நடுவில் எல்லாம் வெள்ளை.

வாண்ட்ரர் என்பது கட்டத்தை எண்ணாது, நீங்கள் முதல் முறை போகும் சாலையின் நீளத்தை எண்ணும். நெருக்கமான தெருக்கள் உள்ள நகரத்துக்கு அது நன்றாக இருக்கும்.

ஒரு விஷயம். 2024 நவம்பரில் ஸ்ட்ராவா தன் விதிகளை மாற்றி, ஒருவரின் தரவை வெளிச் செயலிகள் அவருக்கு மட்டுமே காட்டலாம் என்றது. தளங்கள் இன்னொருவர் வீட்டுத் திண்ணை போலத்தான், எப்போது எழுந்திரு என்பார்கள் என்று தெரியாது. ஓட்டத் தடம் பதிந்த உங்கள் ஜிபிஎக்ஸ் கோப்புகளை உங்கள் கணினியிலும் ஒரு நகல் வைத்திருங்கள்.

ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் கணக்கில் வருமா?

வரும். உள்ளே ஒரு பதிவுப் புள்ளி விழுந்தால் போதும். ஆனால் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டுவது வழக்கம், கருவியும் எப்போதும் விநாடிக்கு ஒரு புள்ளி பதிவதில்லை. கார்மின் கருவிகளில் மிச்சப்படுத்திப் பதியும் முறை ஒன்று உண்டு, அதை மாற்றி ஒவ்வொரு விநாடியும் பதியும்படி வைத்துவிடுங்கள். கோட்டைத் தாண்டி ஐம்பது மீட்டராவது உள்ளே போய்த் திரும்புங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது வெள்ளையாகவே இருந்தால் மறுபடியும் முப்பது கிலோமீட்டர் மிதிக்க வேண்டும்.

ஓரம் தொட்டுத் திரும்புவது ஆட்டமா என்று சிலர் கேட்பார்கள். விதி அனுமதிக்கிறது. ஆனால் ஊர் நடுவே ஒரு டீ குடித்தால்தான் எண்ணுவேன் என்று நீங்களே வைத்துக்கொண்டாலும் யார் தடுக்கப் போகிறார்கள்?

சென்னையைச் சுற்றி எங்கே, எப்படித் திட்டமிடுவது?

முதல் சில வாரம் திட்டம் வேண்டாம், வீட்டைச் சுற்றி இருக்கும் வெள்ளையை நிரப்புங்கள். அதன் பிறகுதான் கடல் குறுக்கே நிற்பது உறைக்கும். சதுரம் கிழக்கே வளராது என்பது வெளிப்படை. வெளிப்படையாகத் தெரியாத ஒன்று, கடற்கரை நேர் தெற்காகப் போவதில்லை என்பது. மெரினாவுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே அது நான்கு கட்டம் அளவுக்கு மேற்கே ஒதுங்குகிறது. ஆகவே சதுரத்தைத் தெற்கே நீட்ட நீட்ட, கிழக்கு ஓரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே வர வேண்டும். அடையாறில் குடியிருப்பவர் அடையாறை நடுவில் வைத்துப் பெரிய சதுரம் கட்ட முடியாது.

நான் பரிந்துரைப்பது மேற்குச் சதுரம். கிழக்கே தாம்பரம், மேற்கே காஞ்சிபுரம், வடக்கே திருவள்ளூர், தெற்கே செங்கல்பட்டு. கோடுகள் கொஞ்சம் முன்னே பின்னே விழும், ஆனால் இது ஏறத்தாழ 20க்கு 20, நானூறு கட்டம், 48 கி.மீ. பக்கம். சிக்கல்கள் எல்லாம் உள்ளேயேதான் இருக்கின்றன. செம்பரம்பாக்கம் ஏரி ஒரு கட்டத்தைவிடப் பெரியது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வளாகங்களில் சாலை அகலம், நிழல் கிடையாது, கன்டெய்னர் லாரி உண்டு. ஞாயிறு விடியற்காலை மட்டும் அங்கே போங்கள். தென்மேற்கில் பாலாறு குறுக்கே கிடக்கிறது. வருடத்தில் பெரும்பாலும் மணல்தான், ஆனால் அந்த மணலில் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தவர்கள் மறுமுறை பாலத்தைத் தேடித்தான் போவார்கள். எனவே ஆற்றின் வடகரைக் கட்டங்களை ஒரு நாளும் தென்கரைக் கட்டங்களை இன்னொரு நாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையின் திசையும் முக்கியம். நேர் கிழக்கு மேற்காகப் போகும் சாலையில் 40 கி.மீ. ஓட்டினால் 17 கட்டம் கிடைக்கும். அதே தூரம் மூலைவாட்டில் போகும் சாலையில் 24 வரை கிடைக்கும், ஏனென்றால் குறுக்குக் கோட்டையும் நெடுக்குக் கோட்டையும் மாறி மாறித் தாண்டுகிறீர்கள். இன்னும் லாபம், கோட்டை ஒட்டியே போகும் சாலை: இடப்பக்கம் ஒரு சந்து, வலப்பக்கம் ஒரு சந்து நுழைந்து வந்தால் இரண்டு வரிசை ஒரே நாளில் தீரும். நான்கு கட்டம் சந்திக்கும் மூலை ஏதாவது ஒரு கிராமத்துக்குள் விழுந்திருந்தால், தெருவைச் சுற்றி வந்தாலே நாலும் கிடைத்துவிடும்.

ஒரு பழைய கதை இங்கே பொருத்தம். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் நில அளவைக்கான அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலையில்தான் அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல். நமக்கு அது ஐந்து கட்ட நீளம். நடுவில் இப்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் வந்துவிட்டன. சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு காலைப் பொழுது ஓட்டம்.

தமிழ்நாட்டில் வேறு எந்தப் பகுதி நல்லது?

கேள்வியே வேண்டாம், காவிரி டெல்டா. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஆற்றுக்கு இரு கரை, வாய்க்காலுக்கு இரு கரை, எல்லாவற்றிலும் பாதை. மேடு கிடையாது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு டீக்கடை. தை அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு பங்குனி வரை போனால் வரப்பு ஓரப் பாதைகூடக் கெட்டியாக இருக்கும். கொத்துக் கட்ட இதைவிட நல்ல நிலம் எனக்குத் தெரிந்து இல்லை.

ராமநாதபுரம் வேறு மாதிரி. கண்மாய் பெரிது, சாலை குறைவு, சீமைக் கருவேல முள் அதிகம். ஆனாலும் பாம்பன் பாலம் தாண்டி அரிச்சல்முனை வரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தனுஷ்கோடியிலிருந்து முனை வரைக்கும் 2017இல் சாலை திறந்தார்கள். கட்டங்கள் வரிசையாகக் கிடைக்கும். இருபுறமும் கடல் என்பதால் அங்கே கொத்துக் கட்ட வழியில்லை, போகட்டும்.

ஏரி, கடல், காடு, வேலி போட்ட இடம் வந்தால் என்ன செய்வது?

ஏரி என்றால் முதலில் கரை. ஒரு கட்டம் முழுக்கத் தண்ணீராக இருப்பது அரிது, பெரும்பாலும் ஏதோ ஒரு மூலையைக் கரை தொடும். அப்படியும் கிடைக்காவிட்டால் காத்திருங்கள். சித்திரை, வைகாசியில் ஏரிகள் வற்றும்போது மாடு மேய்க்கிறவர்கள் உள்வாயில் தடம் போட்டிருப்பார்கள். அந்தத் தடத்தைவிட்டு விலகாதீர்கள், மேலே ஓடு கட்டிக் காய்ந்த சேற்றுக்கு அடியில் ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கமே வேண்டாம்.

கடற்கரைக் கட்டங்களில் ஒரு துண்டு மணல் மட்டும் நிலமாக இருக்கும். சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து போனால் எண்ணலாமா என்பது உங்கள் விதி. தளங்களில் நடையையும் சேர்க்க வழி இருக்கிறது.

காடு விஷயத்தில் பேச்சே இல்லை. காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்று ஐந்து புலிகள் காப்பகங்கள் இந்த மாநிலத்தில் இருக்கின்றன. அங்கே பொதுச் சாலையில் அனுமதித்த நேரத்தில் போகலாம், சாலை தொடாத கட்டத்தை வெள்ளையாக விட்டுவிடலாம். சைக்கிள் சத்தம் போடாது என்பது அங்கே அபாயம், திருப்பத்தில் யானைக்கு நீங்கள் வருவது தெரியாது.

ராணுவ, விமானப்படை நிலங்களும் கல்பாக்கம் அணுமின் வளாகமும் இதே கணக்கு. ஆனால் இங்கே நம் கட்டம் பெரிதாக இருப்பது உதவுகிறது. வேலிக்கு வெளியே போகும் பொதுச் சாலை கட்டத்தின் ஏதாவது ஓர் ஓரத்தைத் தொட்டாலே போதும். வேலியோரம் நின்று போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள்.

ஸ்குவாட்ராட்ஸில் சின்னக் கட்டமும் இருக்கிறதே, அதை ஆடலாமா?

அது 17ஆம் படி. பெரிய கட்டம் ஒன்றுக்குள் 64 சின்னக் கட்டம், சென்னையில் ஒரு பக்கம் சுமார் 300 மீட்டர். நகரத்துக்குள்ளேயே மாதக்கணக்கில் ஆடலாம், தெருத் தெருவாக ஊர் பிடிபடும்.

எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். கிண்டி தேசியப் பூங்காவையும் ஐஐடி வளாகத்தையும் சேர்த்தாலும் பெரிய கட்டம் ஒன்றின் பரப்பு தேறாது. ஆகவே 14ஆம் படியில் சுற்றியுள்ள சாலையே நம்மைக் காப்பாற்றிவிடும். 300 மீட்டரில் அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு கல்லூரி வாசலும், குடியிருப்புச் சங்கத்தின் கேட்டும், யாரோ ஒருவரின் தென்னந்தோப்பும் தடையாகும். வரைபடத்தில் வெள்ளை இருக்கிறது என்பதற்காக ஒருவர் கொல்லைக்குள் நுழைய வேண்டியிருந்தால், அந்த ஆட்டம் நம் ஊருக்குச் சரிப்படாது. இங்கிலாந்தில் பொதுமக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் சட்ட உரிமை உள்ள பாதைகளை வரைபடத்திலேயே குறித்திருக்கிறார்கள். நம்மிடம் அப்படி இல்லை, வழக்கமும் முகதாட்சண்யமும்தான் இருக்கின்றன.

பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முந்தின நாள் இரவு செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் கிராமத்து வண்டிப்பாதைகள் பல இன்னும் ஏறவில்லை. கூகுளிலோ பாதை மாதிரி தெரிவது சில சமயம் வாய்க்காலாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுக் கோடு போட்டு, ஆர்கானிக் மேப்ஸ் போல இணையம் இல்லாமல் இயங்கும் செயலியில் ஏற்றிக்கொள்ளுங்கள். போய் வந்த புதுப் பாதையை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே சேர்த்துவிடலாம். அடுத்து வருகிறவருக்கு உதவும்.

எந்த சைக்கிள் வேண்டும்? பஞ்சர் ஆகாதா?

ஆகும். நெருஞ்சியும் கருவேலமும் எந்த டயரையும் பார்க்கும். மெல்லிய டயர் போட்ட ரோடு பைக்கை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் இறங்க வேண்டாம். 38, 40 மி.மீ. டயர் இருந்தால் நிம்மதி. வீட்டில் நிற்கும் பழைய கறுப்பு சைக்கிளே போதும், எந்த ஊரிலும் அதற்கு டியூப் கிடைக்கும். கையில் பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, ஒரு மாற்று டியூப். முள்ளைப் பிடுங்காமல் டியூபை மட்டும் மாற்றினால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று போகும், டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

தண்ணீர் இரண்டு பாட்டில். கத்திரி வெயில் காலத்தில் ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் வீடு திரும்பும் அளவுக்கு மட்டும் திட்டமிடுங்கள்.

கிராமத்தில் யாராவது நிறுத்திக் கேட்டால்?

கட்டாயம் கேட்பார்கள். முட்டுச்சந்து வரை போய், போனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். "இடம் பாக்க வந்தீங்களா தம்பி?" என்பதுதான் சென்னையைச் சுற்றி முதல் கேள்வி. அடுத்தது, "சர்வேக்கா? ரோடு வருதா?" எட்டுவழிச் சாலை, புது விமான நிலையம் என்று நிலம் போகும் பயத்தில் இருக்கும் ஊர்களில் இது வேடிக்கைக் கேள்வி இல்லை. பரந்தூர் பக்கம் போகிறவர்கள் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். அங்கே போனில் வரைபடத்தைத் திறந்து காட்டி விளக்கப் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். "சும்மா சைக்கிள் ஓட்ட வந்தேன்ணே, இந்தப் பாதை அடுத்த ஊருக்குப் போகுமா?" என்றால் போதும். வழியும் சொல்வார்கள், நாய் எந்தத் தெருவில் கடிக்கும் என்றும் சொல்வார்கள்.

தனியாகப் போகலாமா?

போகலாம். ஆனால் போகும் பாதையை வீட்டில் ஒருவருக்கு அனுப்பி, இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் பகிர்ந்துவிட்டுப் போங்கள். பெண்கள் பலர் முதல் சுற்றை இருவராகப் போய், ஊரும் ஆளும் பழகிய பிறகு தனியாகப் போகிறார்கள். வெறிச்சோடிய கரையைவிட ஊர்த்தெரு நல்லது, கட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கட்டப் படத்தைப் பகிர்ந்தால் வீடு தெரிந்துவிடாதா?

பெரிய கட்டப் படம் மட்டும் என்றால் பயமில்லை, அது இரண்டு கிலோமீட்டர் அளவுக்குத்தான் சொல்லும். ஓட்டத் தடத்தோடு பகிர்ந்தால் தெரியும். ஸ்ட்ராவாவில் வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதியைப் போட்டு வையுங்கள். 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா வெளியிட்ட உலக ஓட்டத் தட வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உருவம் தெரிந்ததை ஓர் ஆஸ்திரேலிய மாணவர் சுட்டிக்காட்டி, அது பெரிய செய்தியானது. முகாமுக்குள் உடற்பயிற்சிக்கு ஓடியவர்கள் போட்ட கோடுகள் அவை.

போன், ஜிபிஎஸ் எதுவும் இல்லாமல் ஆட முடியுமா?

முடியும், எனக்குத் தெரிந்து சிறுவர்களுக்கு அதுதான் சிறந்தது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் ஒரு தாளில் 15 நிமிடக் கோணம் அகலமும் உயரமும் காட்டும், ஏறத்தாழ 27 கி.மீ. அதில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு இருக்கும். அதையே நீங்கள் ஒரு நிமிடக் கட்டமாகப் பென்சிலால் பிரித்தால் ஒரு பக்கம் சுமார் 1.8 கி.மீ. போய் வந்த கட்டத்தில் ஊர்ப்பெயரை எழுதி வண்ணம் அடிக்கலாம்.

முழு எண் சந்திப்புகளையும் தேடிப் போகலாம். 10 பாகை வடக்கு, 78 பாகை கிழக்கு என்ற புள்ளி மதுரைக்கு வடமேற்கே சோழவந்தான் பக்கத்தில் விழுகிறது. 13க்கு 80 ஸ்ரீபெரும்புதூருக்குக் கிழக்கே. அங்கே போனால் பார்க்க ஒன்றும் இருக்காது.

நான் பிஆர்எம் (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டுகிறேன். அது உதவுமா?

மொத்த எண்ணிக்கைக்கு உதவும். 200 கி.மீ. பிஆர்எம் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியது, அதில் சந்துக்குள் நுழைய நேரமிருக்காது. நீண்ட ஒற்றைக் கோடு கிடைக்கும், கொத்துக்கு ஒன்றும் தேறாது. அந்தக் கோட்டை முதுகெலும்பாக வைத்துப் பிறகு இருபுறமும் நிரப்பலாம்.

மின்சார சைக்கிள், மோட்டார் பைக் எல்லாம் சேருமா?

மின்சார சைக்கிளை ஸ்ட்ராவா தனி வகையாக வைத்திருக்கிறது, எண்ணுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். முழங்கால் வலி உள்ளவர் மின்சார சைக்கிளில் போனால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மோட்டார் பைக்கில் போய்ச் சேர்த்துவிட்டு அதை சைக்கிள் ஓட்டம் என்று பதிவேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏரிக்கரை மேல் போன தடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.